முற்றத்து மண்ணில் ஓட்டை போடும் தேனீக்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மழை விட்டு நாலு நாள் நல்ல வெயில் அடித்தால் போதும், எனக்கு இந்தக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். பிள்ளையைக் கூட்டிப்போக பாடசாலை வாசலில் நிற்கும் அம்மாமார், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர், வாட்ஸ்அப்பில் மங்கலாக ஒரு படம் அனுப்பி "இது என்ன டீச்சர்" என்று மட்டும் கேட்கிறவர் என்று ஆள்தான் மாறும், விஷயம் ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவைத்தால் அனுப்பிவிடலாம். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். அவசரத்தில் இருப்பவர்கள் 4ஆவதை மட்டுமாவது படித்துவிட்டுப் பிறகு மண்வெட்டியைத் தொடுங்கள்.

1. டீச்சர், வாசல் மண்ணுல சின்னச் சின்ன ஓட்டையா நிறைய வந்திருக்கு. ஒவ்வொண்ணையும் சுத்தி மண்ணு குமிஞ்சிருக்கு. இது என்னது?

பெரும்பாலும் மண்ணுக்குள் கூடு வைக்கிற தேனீதான். ஓட்டை பென்சில் மொத்தம் இருக்கும், சிலது அதைவிடச் சின்னது. வாயைச் சுற்றிச் சலித்தெடுத்த மாதிரி பொடி மண் குவிந்திருக்கும். எறும்பென்றால் எறும்பே வரிசையாக வந்து காட்டிக்கொடுத்துவிடும். இறவாணத்துக்குக் கீழே காய்ந்த தூசியில் புனல் வடிவில் குழி இருந்து, நடுவில் ஓட்டையே இல்லையென்றால் அது குழியானை. ஈரமாக உருண்டை உருண்டையாகக் கிடப்பது மண்புழு தள்ளிய மண்.

சந்தேகம் இருந்தால் வெயில் ஏறியபிறகு, ஒன்பது பத்து மணிபோல, மூன்று நாலு அடி தள்ளி ஓட்டைக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து பாருங்கள். முதலில் ஓட்டை வாயில் ஒரு முகம் மட்டும் தெரியும். நீங்கள் அசைந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும். அசையாமல் இருந்தால் கொஞ்ச நேரத்தில் விருட்டென்று வெளியே வந்து, ஓட்டையைப் பார்த்தபடியே இடமும் வலமுமாக ஆடி, வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே மேலே போய் மறைந்துவிடும். இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு போகிறது. திரும்பி வரும்போது பின்னங்கால் இரண்டும் மகரந்தம் அப்பி மஞ்சளாக இருந்தால் அப்புறம் சந்தேகமே வேண்டாம், தேனீதான்.

2. தேனீன்னா மரப்பொந்துலயும் கல்லிடுக்குலயும்தானே இருக்கும்? மண்ணுக்குள்ள அதுக்கு என்ன வேலை?

உலகத்தில் 20,000க்கு மேல் தேனீ இனங்கள் இருக்கின்றன, அவற்றில் பாதிக்கு மேல் மண்ணில்தான் கூடு வைக்கின்றன. இலங்கையில் பதிவாகியிருப்பவை ஏறத்தாழ 150. தேனுக்காக நமக்குத் தெரிந்தவை அதில் நாலுதான்: பாறையிலும் உயரமான மரத்திலும் ஒற்றை அடை கட்டுகிற பெரிய மலைத்தேனீ, பொந்திலும் பெட்டியிலும் இருக்கிற சாதாரணத் தேனீ, புதர்க் கிளையில் சின்ன அடை வைக்கிற கொம்புத்தேனீ, சுவர் இடுக்கில் இருக்கிற கொசுத்தேனீ. மிச்சமிருக்கிற இனங்களை நாம் பார்க்கிறோம், ஆனால் தேனீ என்று நினைப்பதில்லை. வண்டு என்றோ குளவி என்றோ சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம்.

மண்ணில் இருப்பவற்றில் பெரும்பாலானவைக்கு ராணியும் இல்லை, படையும் இல்லை. ஒவ்வொரு பெண் தேனீயும் தனக்கென்று ஓட்டை தோண்டி, உள்ளே சின்னச் சின்ன அறை செய்து, மகரந்தத்தையும் பூந்தேனையும் பிசைந்து ஒரு உருண்டை வைத்து, அதன்மேல் ஒரு முட்டை இட்டு அறையை மூடிவிடும். ஒரே இடத்தில் ஐம்பது ஓட்டை இருந்தாலும் அது தேயிலைத் தோட்டத்து லயம் மாதிரிதான், வீடுகள் ஒட்டியிருக்கும், அடுப்பு தனித்தனி.

3. கொட்டுமா கொட்டாதா? அத மட்டும் சொல்லுங்க.

பெண்ணுக்குக் கொடுக்கு இருக்கிறது. கையால் பிடித்து நசுக்கினால், வெறுங்காலால் மிதித்தால், சட்டைக்குள் மாட்டிக்கொண்டால் கொட்டும். அதுவும் சாதாரணத் தேனீ கொட்டுகிற அளவுக்குக்கூட வலிக்காது, ஒவ்வாமை உள்ளவர்கள் கதை வேறு (19ஐப் பாருங்கள்). ஆண் தேனீக்குக் கொடுக்கே கிடையாது. ஓட்டைகளுக்கு மேலே தாழ்வாக ரீங்காரம் போட்டு விரட்டி விரட்டிப் பறந்து ஆட்களைப் பயமுறுத்துவதில் முக்கால்வாசி இந்த ஆண்கள்தான், அவை பெண் தேடிச் சுற்றுகின்றன.

கூட்டைக் காக்க ஒரு கூட்டமே எழும்பி வருவது இவற்றிடம் இல்லை, காக்கிற அளவுக்கு அங்கே சேமிப்பும் இல்லை. இன்னொன்றும் பலருக்குப் புரிவதில்லை. ஓட்டைக்குப் பக்கத்தில் வாளியோ செருப்போ புதிதாக வைத்தால், திரும்பி வருகிற தேனீ அடையாளம் தப்பிச் சுற்றிச் சுற்றிப் பறக்கும். அதைத்தான் "துரத்துது" என்கிறார்கள். வாளியை எடுத்துவிட்டால் நேராக உள்ளே போய்விடும்.

4. அப்போ இது குளவியா தேனீயான்னு எப்படி உறுதியா சொல்றது?

நிறத்தைப் பார்த்துத் தடுமாற வேண்டாம். போக்குவரத்தைப் பாருங்கள். பத்து நிமிஷம் தள்ளி நின்று பார்த்தால் போதும். பல ஓட்டைகள் இருந்து, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பூச்சி எப்போதாவது போய் வந்தால் அவை தனித்தேனீ. ஒரே ஓட்டை இருந்து, அதில் ஒன்று மாற்றி ஒன்றாக ஓயாமல் போக்கும் வரவும் நடந்தால் அது கூட்டமாக வாழ்கிற பூச்சி. குளவியாக இருக்கலாம், புற்றுக்குள் குடியேறிய சாதாரணத் தேனீயாகவும் இருக்கலாம். இரண்டில் எதுவானாலும் கிட்டப் போகாதீர்கள், 16க்குப் போங்கள்.

உடம்பைப் பார்த்துச் சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது. தேனீ ரோமம் உள்ளது, காலில் மகரந்தம் ஒட்டும். நம் முற்றங்களில் அதிகம் கண்ணில் படுவது வயிற்றில் நீலம் கலந்த வெள்ளைக் கோடுகள் உள்ள தடித்த தேனீ, அமெகில்லா வகை. கீழே நீலக்கோட்டுத் தேனீ என்பது இதைத்தான். ஒரு பூவில் நிலையாக நிற்காமல் அந்தரத்தில் நின்று நின்று தாவும். அடுத்தது அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதான கறுப்புச் சின்னதுகள், கொழுந்தெடுக்கிறவர்களுக்கு இவற்றை நன்றாகத் தெரியும், வியர்வையை நக்க முழங்கையில் வந்து உட்காரும். மண்ணுக்குள் கூடு வைக்கிற பெரிய குளவியோ வழவழப்பான கறுப்பு உடம்பும் வயிற்றில் அகலமான மஞ்சள் பட்டையுமாக இருக்கும், விரல் மூட்டு அளவுக்குப் பெரிது. அதைப் பார்த்தால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், விலகுங்கள்.

5. உள்ள தேன் இருக்குமா? தோண்டி எடுக்கலாமா?

இல்லை. ஒரு அறைக்குள் இருப்பது பட்டாணி அளவுக்கும் குறைவான மகரந்த உருண்டை, அதன்மேல் ஒரு புழு. தோண்டினால் மண்தான் மிச்சம்.

6. இவ்வளவு மலை இருக்க, எங்க வாசலயே ஏன் தேடி வருது?

நாம்தான் அதற்கு ஏற்ற மாதிரி செய்து வைத்திருக்கிறோம். தேயிலை மலையில் தூரும் சருகும் நிழலும் இருக்கிறது, காட்டில் இலைக்குப்பை. இந்தத் தேனீக்கு வேண்டியது புல் இல்லாத, மழைத்தண்ணீர் தேங்காத, காலை வெயில் சீக்கிரம் விழுகிற மண். தினமும் விளக்குமாறு போட்டுக் கூட்டி இறுகிப்போன வாசல், வாசலுக்குப் பின்னால் வெட்டிய மேட்டின் செம்மண் முகம், கான் (தண்ணீர் ஓடுகிற வடிகால்) ஓரம், கல் அடுக்குக்கு இடையில் இருக்கிற மண் எல்லாம் சரியாகப் பொருந்துகிறது. பக்கத்திலேயே தக்காளியும் பூசணியும் பூத்திருந்தால் அவற்றுக்கு வேறென்ன வேண்டும்.

7. எத்தனை நாளைக்கு இருக்கும்?

ஒரு பெண் தேனீ தோண்டித் தீர்ப்பது சில வாரங்கள்தான். அதன்பின் அது செத்துவிடும், மண்ணுக்குள் இருக்கிற குஞ்சுகள் அடுத்த முறைக்கு வெளியே வரும். ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாகத் தோண்டுவதால் ஒன்றரை, இரண்டு மாதம் நடமாட்டம் தெரியலாம்.

எந்த மாதம் என்பது நீங்கள் மலையின் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை, நுவரெலியா பக்கம் தை முதல் பங்குனி வரைதான் காய்ந்த காலம், வைகாசிக்கு மேல் தென்மேல் பருவமழை பிடித்துவிடும். பண்டாரவளை, பதுளை, வெலிமடை பக்கமோ அந்த நேரத்தில்தான் வெயிலும் காற்றும், மழை ஐப்பசிக்குப் பிறகு. அதனால் ஹட்டனில் இருக்கிற அக்கா சொன்ன மாதத்தை வைத்து பதுளையில் இருக்கிற தங்கச்சி கணக்குப் போடக்கூடாது. நுவரெலியாவில் புல் வெள்ளையாக உறைகிற காலைகளில் பத்து மணி தாண்டியும் ஒன்றும் வெளியே வராது, அதைப் பார்த்துவிட்டு "போயிட்டுது" என்று நினைக்காதீர்கள்.

8. மண்ணெண்ணெய் ஊத்திப் பத்த வெச்சா ஒரேயடியா போயிடும்னு சொல்றாங்களே?

லயத்து வாசலில், தகரக் கூரைக்குக் கீழே, காய வைத்த விறகுக்கும் துணிக்கொடிக்கும் நடுவில் நெருப்பு வைக்கச் சொல்கிறவர் யாரோ அவரையே வந்து நிற்கச் சொல்லுங்கள். நெருப்பு வைக்காமல் ஊற்றினாலும் அந்த இடத்தில் வெகுநாள் ஒன்றும் முளைக்காது, மழை வந்தால் கான் வழியாகக் கீழே இருக்கிற பீலிக்கும் தோட்டத்துக்கும் போகும். அந்தப் பீலியில் யாராவது குடிக்கத் தண்ணீர் பிடிப்பார்கள்.

வேலையும் முழுதாக முடியாது. ஓட்டை நேராகக் கீழே போவதில்லை, ஒரு சாண், சில இனத்தில் அதற்கு மேலும் இறங்கிப் பக்கவாட்டில் திரும்பும். மூடிய அறைகளின் உட்சுவரில் தேனீ ஒரு மெல்லிய பூச்சு பூசி வைக்கும், ஈரம் உள்ளே ஊறாமல் இருக்க. அதனால் கொதிநீரும் சோப்புத் தண்ணீரும் எல்லா அறைக்கும் போய்ச் சேராது, ஊற்றுகிற நேரத்தில் பூவுக்குப் போயிருந்தவை திரும்பி வந்து ஒரு முழம் தள்ளி மறுபடி தோண்டும். காசும் நட்டம், மண்ணும் நட்டம்.

9. சரி, கொல்லாம அனுப்ப வழி இருக்கா?

இருக்கிறது, ஆனால் பொறுமை வேண்டும். மண்ணை அதற்குப் பிடிக்காததாக மாற்றுவதுதான் வழி. நடமாட்டம் நின்றபிறகு, அதாவது நாலைந்து வெயில் நாள் பார்த்தும் ஒன்றும் பறக்காவிட்டால், அந்த இடத்தில் மூன்று நாலு விரல் உயரத்துக்குச் சருகோ, கவ்வாத்துக் குச்சியை நறுக்கியோ பரப்புங்கள். அல்லது புல், வல்லாரை என்று தரையைப் பிடித்துப் படர்கிற எதையாவது நடுங்கள். நடமாட்டம் இருக்கும்போதே அவசரம் என்றால் மாலையில் பூவாளியால் தண்ணீர் தெளித்து மண்ணை ஈரமாகவே வைத்திருக்கலாம். ஏற்கெனவே தோண்டிய ஓட்டை அதனால் மூடாது, ஆனால் புதிதாகத் தோண்ட வருவது குறையும். மேட்டுச் சரிவென்றால் இதைச் செய்யாதீர்கள், காரணம் 13இல்.

கூடவே ஆள் நடக்காத மூலையில், வெயில் விழுகிற மாதிரி ஒரு பாய் அளவு நிலத்தைச் செதுக்கி வெறுமனே விட்டுவிடுங்கள். அங்கே போகச் சொல்லி வற்புறுத்த முடியாதுதான், ஆனாலும் போக ஒரு இடம் இருந்தால் வாசல் பக்கம் வருவது குறையும்.

10. சின்னப் பிள்ளைகள் விளையாடுற வாசல், அதுக்கு என்ன செய்யிறது?

செருப்பு. முக்கால்வாசிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும். ஓட்டைகள் இருக்கிற பக்கத்தைச் சுற்றி நாலு குச்சி நட்டுக் கயிறு கட்டிவிட்டு, ஓட்டைக்குள் ஈர்க்குச்சி விட்டுக் கிண்டக்கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். கிண்டாதே என்றால் கிண்டுவார்கள், "எட்ட உட்கார்ந்து எத்தனை போகுது எத்தனை வருதுன்னு எண்ணு" என்றால் எண்ணுவார்கள். தவழ்கிற குழந்தை இருக்கிற வீட்டில் மட்டும் அந்த வாரங்களில் பாயை வேறு பக்கம் போடுவதே நல்லது.

கோழி கிளறினால் அதற்கு ஒன்றும் ஆகாது. நாய் தோண்டினால் மூக்கில் ஒன்று வாங்கும்.

11. இதால நமக்கு ஏதாவது பிரயோசனம் இருக்கா, இல்ல சும்மா பாவம் பார்த்து விடணுமா?

தக்காளிப் பூவையோ கத்தரிப் பூவையோ கிட்டப் பிடித்துப் பாருங்கள். நடுவில் மஞ்சளாகக் குவிந்து நிற்கிற மகரந்தக் குழல்கள் வெளியே திறந்திருக்காது, மகரந்தம் உள்ளே இருக்கும், உதறினால்தான் கொட்டும். நீலக்கோட்டுத் தேனீ அந்தக் குழலைக் கவ்விப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிர வைக்கும். பறக்கிற சத்தத்தைவிட உச்சத்தில், கீச்சென்று ஒரு ரீங்காரம் கேட்கும், மகரந்தம் அதன் வயிற்றில் வந்து விழும். பெட்டியில் வளர்க்கிற தேனீக்கு இந்த வித்தை தெரியாது. காற்றடித்தாலும் தக்காளி ஓரளவு காய்க்கும், ஆனால் அதிர வைக்கிற தேனீ வந்துபோன பூவில் காய் நன்றாகப் பிடிக்கும், பருக்கும்.

பூசணிக் கொடியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. யாராவது மகரந்தத்தைச் சுமந்து போகாவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி விழும். அதைப் பார்த்துவிட்டு உரம் போதவில்லை என்று கடைக்கு ஓடுகிறவர்கள் நிறைய. கரட், லீக்ஸ், கோவா மட்டும் போடுகிற தோட்டத்துக்கு இந்தத் தேனீயால் நேரடி இலாபம் பெரிதாக இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும், விதைக்கு விட்டால்தான் அங்கே பூவுக்கே வேலை.

12. பொழுது படுற நேரம் வேலியில காய்ஞ்ச குச்சியில வரிசையா தொங்கிக்கிட்டு இருக்கு. அடை கட்டப் போகுதோ?

இல்லை, தூங்குகிறது. நீலக்கோட்டுத் தேனீயில் ஆணுக்குக் கூடு கிடையாது. பெண்கள் ஓட்டைக்குள் படுத்துக்கொள்ள, ஆண்கள் காய்ந்த தண்டையோ தொங்குகிற வேரையோ வாயால் கவ்விப் பிடித்துக்கொண்டு, காலை மடக்கி, உடம்பை அந்தரத்தில் நீட்டியபடி இரவைக் கழிக்கும். கிட்டப் போய் டோர்ச் அடித்துப் பார்த்தாலும் அநேகமாக அசையாது. விடிந்து வெயில் பட்டதும் கலைந்துவிடும், மறுநாள் மாலையில் அதே குச்சிக்கு வரும். கொடுக்கு இல்லாதவை என்பதை 3இல் சொன்னேன்.

13. வீட்டுக்குப் பின்னால மேடு. இது இப்படி ஓட்டை போட்டுக்கிட்டே போனா மண் சரிஞ்சிடாதா?

2014இல் மீரியபெத்தயில் நடந்த மண்சரிவுக்குப் பிறகு இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் நான் சிரிப்பதில்லை. ஆனால் தேனீயால் மேடு சரியாது. அதன் ஓட்டை மேல்மண்ணில் ஒரு சாண், ஒரு முழம். மண்சரிவு என்பது அதைவிட ஆழத்தில், மழைத்தண்ணீர் இறங்கி மண்ணின் பாரம் கூடி, பிடிப்பு விட்டுப்போவதால் வருவது. மேட்டை நெட்டுக்குத்தாக வெட்டியது, கானை அடைத்தது, மரத்தைத் தறித்தது இவைதான் விசாரிக்க வேண்டிய விஷயங்கள். 9இல் மேட்டுக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள் என்றதும் இதனால்தான்.

பார்க்க வேண்டிய அறிகுறி வேறு: நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, மரமும் தந்திக்கம்பமும் சாய்வது, இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புவது, இருந்த ஊற்று கலங்குவது அல்லது திடீரென்று வற்றுவது, கதவு சட்டத்தில் இறுகுவது. இதில் ஒன்று தெரிந்தாலும் கிராம உத்தியோகத்தருக்கோ அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கோ சொல்லுங்கள், மழை நேரம் என்றால் சொல்லிவிட்டு வீட்டிலிருந்தும் வெளியேறுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம்தான் வந்து மேட்டைப் பார்த்துச் சொல்லும்.

14. குசினி மண் சுவர்ல ஓட்டை போடுது. அதுவும் இதுதானா?

பழைய மண் சுவரும் வெட்டிய மேடும் இந்தத் தேனீக்கு ஒன்றுதான். ஓட்டை ஒன்றிரண்டு என்றால் சுவருக்கு ஆபத்தில்லை, வருஷக்கணக்காக விட்டால் பூச்சு உதிரும். நடமாட்டம் நின்றபின் சாணியும் களிமண்ணும் குழைத்தோ சாந்து போட்டோ மெழுகிவிடுங்கள், வழவழப்பான சுவரில் தோண்ட வராது. கூரைக் கைமரத்தில் வட்டமாகத் துளை போட்டு மரத்தூள் கொட்டுவது வேறு, அது பெரிய கறுப்பு மரத்தேனீ. மரத்துக்குப் பெயின்ற் அடித்தால் குறையும்.

15. தோட்டத்துக்கு மருந்தடிக்கணும். இதுகள விட்டு வெச்சா மருந்தடிக்கவே கூடாதா?

பூச்சி மருந்து அடிக்காமல் தள்ள முடிந்தால் தள்ளுங்கள். அடித்துத்தான் ஆக வேண்டும் என்றால் பொழுது சாய்ந்து தேனீ உள்ளே போனபின், காற்றில்லாத நேரத்தில், பூத்து நிற்கிற செடியைத் தவிர்த்து அடியுங்கள். மருந்து தெளிக்கிற டாங்கியைக் கழுவிய தண்ணீரை ஓட்டைகள் இருக்கிற பக்கம் கொட்டாதீர்கள். அயலில் உருளைக்கிழங்கோ போஞ்சியோ போட்டிருக்கிறவரிடமும் எந்த நேரம் அடிக்கிறார் என்று கேட்டுவைப்பது நல்லது, தேனீக்கு வேலி தெரியாது.

16. ஒரே ஓட்டைதான், ஆனா கூட்டமா போகுது வருது. இப்போ என்ன செய்ய?

இங்கேதான் பயப்பட வேண்டும். பெரிய குளவி மண்ணுக்குள்ளும் பழைய புற்றுக்குள்ளும் கூடு வைக்கும், நிலம் அதிர்ந்தால் பல ஒன்றாக வரும், ஒவ்வொன்றும் பல தடவை கொட்டும். மண்வெட்டி, புல்வெட்டும் மெஷின் இரண்டையும் அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். தெரியாமல் மெஷின் போட்டு மாட்டிக்கொள்கிறவர்கள்தான் அதிகம். எட்டத்தில் ஒரு கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டி, பிள்ளைகளையும் நாயையும் தடுத்து, அக்கம்பக்கம் எல்லாருக்கும் சொல்லுங்கள்.

அகற்றுகிற வேலை உங்களுடையதல்ல. தோட்டம் என்றால் நிர்வாகத்துக்கு, இல்லையென்றால் பிரதேச சபைக்குச் சொல்லுங்கள். வாயால் சொன்னதோடு நிற்காமல் கடிதமாகக் கொடுத்து ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த வாரம் "யாரும் சொல்லலையே" என்று கேட்கிற வழக்கம் எல்லா இடத்திலும் உண்டு. இராத்திரியில் குடித்துவிட்டுப் பந்தத்தோடு போகிற வீரர்களைத் தயவுசெய்து வீட்டிலேயே பிடித்து வையுங்கள்.

17. மலையில கொழுந்து எடுக்கிறவங்கள கொட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறாங்களே, அதுவும் இதுதானே?

இல்லை. செய்தியில் "குளவிக் கொட்டு" என்று வருவது இரண்டு வகை: மரத்திலோ புதரிலோ தேயிலைத் தூருக்குள்ளோ கூடு வைக்கிற குளவி, அல்லது பாறையிலும் உயரமான மரத்திலும் அடை தொங்கவிடுகிற மலைத்தேனீ. மலைத்தேனீயின் அடையைத் தேன்பருந்து வந்து குத்தினால்கூட கூட்டம் கலைந்து கீழே வேலை செய்கிறவர்கள்மேல் பாயும், ஒன்று கொட்டியதும் அந்த வாசனைக்கு மற்றவையும் அங்கேயே வரும், வெகுதூரம் துரத்தும். ஆண்டாண்டாக ஆட்களைக் கொன்றிருக்கிறது. அதனால் வாசலில் எதைக் கண்டாலும் நம் ஆட்கள் பதறுவதில் நியாயம் இருக்கிறது, பதற வேண்டிய பூச்சி எது என்பதுதான் தெரிய வேண்டும்.

மலையில் அப்படி மாட்டிக்கொண்டால் கையை வீசி அடிக்காதீர்கள். கூடையைப் போட்டுவிட்டு, படங்கையோ சாக்கையோ தலைக்கும் முகத்துக்கும் மூடிக்கொண்டு ஓடுங்கள், கதவு சாத்தக்கூடிய இடம் எதுவோ அங்கே. தண்ணீருக்குள் குதித்தால் மேலே காத்திருக்கும்.

18. கொட்டிட்டா முதல்ல என்ன செய்யணும்? சுண்ணாம்பு தடவலாமா?

பெட்டித்தேனீயும் மலைத்தேனீயும் கொட்டினால் கொடுக்கு தோலில் நின்றுவிடும், நகத்தாலோ அட்டை விளிம்பாலோ உடனே தட்டி எடுங்கள், தாமதம்தான் கெடுதல். மண் தேனீயும் குளவியும் கொடுக்கை விட்டுப்போவதில்லை, தேடிக் கிண்ட வேண்டாம். சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியை வையுங்கள். மோதிரம், வளையல் இருந்தால் வீங்குமுன் கழற்றுங்கள். சுண்ணாம்பு விஷத்தை இறக்காது, பாட்டி மனம் ஆறும் என்றால் தடவட்டும், கண்ணருகிலும் புண்ணிலும் வேண்டாம்.

நிறையக் கொட்டியிருந்தால் ஆள் தெம்பாகப் பேசினாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும், அந்த விஷம் சிறுநீரகத்தைப் பாதிப்பது பிறகுதான் தெரியும். வாய்க்குள்ளோ தொண்டையிலோ கொட்டினால் ஒன்று என்றாலும் போக வேண்டும்.

19. எங்க மாமாவுக்கு ஒருதரம் தேனீ கொட்டி மூச்சே நின்னுபோச்சு. அந்த வீட்டிலயும் இதுகள விட்டு வைக்கச் சொல்றீங்களா?

இல்லை. ஒரு தடவை அப்படி ஆனவருக்கு அடுத்த கொட்டு எந்தப் பூச்சியினுடையது என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அந்த வாசலில் 9இல் சொன்னதை உடனே தொடங்குங்கள், ஓட்டைகள் நடைபாதையிலேயே இருந்தால் பொழுது சாய்ந்தபின் வேறொருவர் அந்த இடத்தில் மண் போட்டு இறுக்கிப் பலகையோ கல்லோ பரப்பிவிடட்டும். தேனீ சாகும்தான், அந்த வீட்டில் வேறு வழியில்லை. மாமாவை வைத்தியரிடம் காட்டி, இனிமேல் கொட்டினால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உதடு, முகம் வீங்குவது, உடம்பெல்லாம் தடிப்பது, தொண்டை அடைப்பது, இழுப்பு, வாந்தி, தலைசுற்றி விழுவது இவற்றில் எது வந்தாலும் 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சு முட்டினால் சாய்த்து உட்கார வையுங்கள், நடக்க விடாதீர்கள். அம்புலன்ஸ் ஏற முடியாத பாதை என்றால் ஆட்டோவோ கொழுந்து லொறியோ கிடைப்பதில் ஏற்றிக்கொண்டு வழியில் சந்திக்கலாம், அதை போனிலேயே சொல்லுங்கள்.

20. வேற நிறத்துல ஒரு தேனீ திருட்டுத்தனமா ஓட்டைக்குள்ள போகுது. காலில மகரந்தமும் இல்ல. இது குளவியில்லையா?

நல்ல கண். அது குயில் தேனீ. கறுப்பு உடம்பில் பளிச்சென்று நீலப் புள்ளிகள் இருக்கும். தானாகக் கூடு தோண்டாது, மகரந்தமும் சேர்க்காது, நீலக்கோட்டுத் தேனீ வெளியே போன நேரம் பார்த்து உள்ளே நுழைந்து அதன் அறையில் தன் முட்டையை வைத்துவிட்டு வரும். பிறக்கிற புழு வீட்டுக்காரியின் உருண்டையைத் தின்று வளரும். ஆட்களை அது தேடி வந்து கொட்டாது. அது வந்திருக்கிறது என்றால் உங்கள் வாசலில் நீலக்கோட்டுத் தேனீ நன்றாகவே குடியிருக்கிறது.

21. நான் விட்டு வைக்கத் தயார், ஆனா பக்கத்து வீட்டுக்காரங்க கொல்லணும்னு நிக்கிறாங்க. லயத்துல வாசல் பொதுவாச்சே?

விளக்கம் சொல்லி வெல்ல முடியாது, கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுங்கள். 4இல் சொன்ன பத்து நிமிஷத்தை அவர்களோடு சேர்ந்து நின்று பார்த்தால், பாதிப் பேருக்கு அங்கேயே பயம் தெளியும். மிச்சப் பேருக்குத் தேதி தேவை: "இத்தனை வாரம் பொறுங்க, அப்புறம் நானே சருகு போட்டு மூடுறேன்" என்று நீங்களே வேலையை ஏற்றுக்கொண்டால் அநேகமாக ஒத்துக்கொள்வார்கள். அந்த வீட்டில் 19இல் சொன்ன மாதிரி ஒருவர் இருந்தால் விவாதமே வேண்டாம், அவர்கள் பக்கம் மூடிவிடுங்கள்.

22. மூடினோம், வல்லாரையும் நட்டோம். இந்த வருஷமும் அதே இடத்துலதான் வந்து நிக்குது. ஏன்?

நீங்கள் மூடும்போதே அடுத்த தலைமுறை கீழே அறைக்குள் இருந்தது. சருகையும் கீரையையும் தள்ளிக்கொண்டு வெளியே வர அதற்குத் தெரியும், வந்து பிறந்த இடத்தைச் சுற்றித்தான் முதலில் தேடும். அங்கே வெறும் மண் ஒரு கையகலம் அகப்பட்டாலும் தோண்டும். சீமெந்துக்கும் பாத்திக்கும் நடுவில் விட்ட இடைவெளி, கான் ஓரம், துணி துவைக்கிற கல்லுக்குப் பின்பக்கம், படிக்கட்டின் பக்கவாட்டு இதெல்லாம் பார்த்தீர்களா? அவற்றையும் சேர்த்து மூடி, சருகு மக்கி மெலிந்துபோன இடத்தில் புதிதாகப் போட்டு, இன்னொரு பருவம் பாருங்கள். படிக்கட்டுப் பக்கம் சருகு நிற்காது, அங்கே சின்னக் கல் பதித்துவிடுங்கள்.